முட்டை உரிப்பதும் மொழிப்பாடமே

"ஏனுங்க டீச்சர், பக்கத்து ஊட்டுப் புள்ள நோட்டு நெறைய ஆனா ஆவன்னா எழுதுதுங்க. எம் பேத்தி ஊட்டுக்கு வந்தா முட்டை உரிச்ச கதைதான் சொல்றா. இப்படியே இருந்தா எப்படிங்க?"

சேர்க்கை நேரத்தில் இந்தக் கேள்வியைச் சந்திக்காத முதல் வகுப்பு ஆசிரியர் எங்கள் ராசிபுரம் பக்கத்தில் இருப்பது அரிது. மதிப்பெண்ணுக்குப் பேர்போன மாவட்டம் நாமக்கல். அந்த ஓட்டம் மூன்று வயதிலேயே தொடங்கிவிடுகிறது. பாட்டிக்கு நம்பும்படி பதில் சொல்லாவிட்டால், அடுத்த வாரமே பேத்தி வேறு பள்ளியின் வேனில் ஏறிவிடுவாள்.

நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. எங்கள் வளாகத்து மையமும் அவற்றில் ஒன்று. அங்கிருந்து வரும் குழந்தைகள்தாம் என் வகுப்பில் 'எண்ணும் எழுத்தும்' பாடத்துக்கு உட்காருகிறார்கள். பல ஆண்டுகளாக நான் பார்ப்பது இதுதான்: நிறையப் பேசத் தெரிந்து, எழுத்து தெரியாமல் வரும் குழந்தை சில மாதங்களில் படிக்கத் தொடங்கிவிடுகிறது. எழுத்தை மட்டும் பழகி வரும் குழந்தை 'த-ட-ம்' என்று கூட்டிப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறது. அந்தச் சொல் அதன் காதில் முன்பு விழுந்திருந்தால்தானே பொருள் பிடிபடும்!

இப்போது முட்டைக்கு வருகிறேன். முட்டை தரும் நாளில் எங்கள் அங்கன்வாடிப் பணியாளர் அதை உரித்துத் தருவதில்லை. குழந்தைகளே தட்டில் தட்டி, விரிசல் விட்டதும் உரிக்க வேண்டும். ஓடு, உள்தோல், வெள்ளைக்கரு, மஞ்சள்கரு என்ற பெயர்ச்சொற்கள் வரும். அவற்றைவிட எனக்கு முக்கியமானவை தட்டு, உரி, ஊது, பிட்டுக்கொடு, சிந்தாதே என்னும் வினைகள். சூடு, வழவழப்பு, சொரசொரப்பு என்னும் பண்புகள். சுவரில் தொங்கும் படங்களில் பெரும்பாலும் பெயர்ச்சொற்களே இருக்கின்றன. வினைச்சொல்லைக் கையால் செய்துதான் கற்க முடியும்.

குழந்தை ஒற்றைச் சொல்லில் "சூடு" என்கிறது. பணியாளர், "ஆமா கண்ணு, முட்டை சூடா இருக்கு. ஊதி ஊதிச் சாப்பிடலாமா?" என்கிறார். குழந்தையின் ஒரு சொல்லை எடுத்து முழு வாக்கியமாக்கித் திருப்பிக் கொடுக்கும் இந்த வேலைக்குக் கருவியும் வேண்டாம், செலவும் இல்லை. ஆனால் நாள்தோறும் நடக்க வேண்டும்.

கோழிப்பண்ணையில் வேலைக்காகப் பீகாரிலிருந்து வந்த குடும்பத்தின் சிறுமி ஒருத்தி, சேர்ந்து பல வாரங்கள் வாயே திறக்கவில்லை. ஒருநாள் தட்டைக் காட்டி "அண்டா" என்றாள். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். இந்தியில் அண்டா என்றால் முட்டை. நமக்கோ பெரிய பாத்திரம். அவள் முகம் சுருங்கியது. பணியாளர் உடனே சமையலறை அண்டாவைத் தூக்கி வந்து, அதற்குள் ஒரு முட்டையை வைத்தார். "பாருங்க, அண்டாக்குள்ள அண்டா!" இந்த முறை அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்த வாரக் கடைசியில் பக்கத்தில் இருந்த பையனிடம் "ஓடு உரி" என்று தமிழில் கட்டளையிட்டாள். வீட்டுச் சொல்லுக்கு வகுப்பில் இடம் கிடைத்த பிறகே அவளிடமிருந்து தமிழ்ச் சொல் வந்தது. தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைந்த சேலம் நெசவாளர் தெருக்களிலும் இதே கதைதான்.

எழுத்து எப்போது? முதலில் காது. 'மு-ட்-டை' என்று கைதட்டிப் பிரிப்பது, 'மு'வில் தொடங்கும் முறுக்கு, முள், முயல், முருங்கைக்காய் என்று தேடுவது. ழ, ள, ண, ற, ன ஆகியவை தமிழ்ச்சொல்லின் முதலில் வருவதில்லை. அவற்றைக் கோழி, பள்ளி, கண், கிணறு, மீன் என்று சொல்லின் நடுவிலும் கடைசியிலும்தான் காட்ட முடியும். ட-வும் அப்படித்தான். ஆனால் லாரிக்குக் கூடு கட்டும் ஊரில் டயரைத் தெரியாத பிள்ளை ஏது?

காது பழகிய பின் கண். அகரவரிசையைப் பாட்டாகப் பாடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. படிப்பதற்கு அதையே தொடக்கமாக வைப்பதில்தான் சிக்கல். அளபெடையை விட்டுவிட்டால், தமிழில் உயிரெழுத்து தனி வடிவில் சொல்லின் தொடக்கத்தில் மட்டுமே வரும். ஆகவே 12 உயிரெழுத்துகளையும் கற்று முடித்த குழந்தை அவற்றைக் கொண்டு படிக்கக்கூடிய சொற்கள் ஆ, ஈ போன்ற சிலவே. அ, இ, ஈ, ஔ வளைவுகளும் பிஞ்சு விரலுக்கு எளிதல்ல. ட, ப, ம ஆகிய மூன்றோடு புள்ளியையும் அறிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். அடுத்து, வடிவில் ஒன்றுக்கொன்று நெருங்கிய க, ச, த சேர்ந்தால் பக்கம், சத்தம், கட்டம். 'நான் படிச்சேன்' என்று குழந்தை சொல்லும் நாள் எவ்வளவு முன்னால் வருகிறது பாருங்கள். இவற்றோடு தன் பெயர் அட்டையின் முதல் எழுத்து; அதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, தானே பிடித்துக்கொள்ளும்.

கை கடைசியில்தான். முட்டை ஓட்டையும் கடலைக்காய்த் தோலையும் உரிக்கும் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும்தான் பின்னால் பென்சில் பிடிக்கப் போகின்றன. தரையில் சுண்ணக்கட்டியால் பெரிதாக வரைந்த ட-வின் மேல் புளியங்கொட்டை அடுக்குவது, மணலில் விரலால் இழுப்பது, கோலப்புள்ளி இணைப்பது எல்லாம் எழுத்துப் பயிற்சியே. நோட்டுக்கு அவசரம் இல்லை.

பாட்டிக்கு இதையெல்லாம் விளக்க மாட்டேன். அங்கன்வாடித் திண்ணையில் உட்காரவைத்து, பேத்தியைக் கூப்பிட்டு, முட்டை எப்படி வெந்தது என்று சொல்லச் சொல்வேன். நிறுத்தாமல் பத்து வாக்கியம் பேசுவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமும் கேட்டுப் பாருங்கள் என்பேன். சிலர் அப்படியும் நோட்டு கேட்டுப் போகிறார்கள், பலர் நிற்கிறார்கள்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் அங்கன்வாடிப் பணியாளர் எனக்கு ஒரு நோட்டு தருகிறார். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம். அது தானாகப் பேசிய சொற்கள் அதில் இருக்கும். தறிக்காரர் வீட்டுப் பையன் பக்கத்தில் பாவு, தார், நாடா. ரிக் வண்டி ஓட்டுநரின் மகள் பக்கத்தில் பைப்பு, கம்பி, டீசல். மரவள்ளியை எல்லாரும் குச்சிக்கிழங்கு என்கிறார்கள். இரண்டு பெயரையும் கரும்பலகையில் எழுதிக்கொள்கிறேன். ஜூனில் நான் தயாரிக்கும் முதல் சொல்லட்டைகள் பாடநூலுக்கு முன்னால் இந்த நோட்டிலிருந்துதான் வருகின்றன.