நாம் எழுந்து போனாலும் வேலை நிற்காது!

இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் பலருக்கு இந்த அனுபவம் புதிதல்ல. லேப் சர்வரில் ஒரு கணக்கீட்டை ஓட விட்டு, விடுதி அறையிலிருந்து லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருப்போம். திடீரென்று நெட் போய்விடும். "சர்வர்தானே ஓடுது, நமக்கென்ன?" என்று படுத்துவிடுவோம். காலையில் பார்த்தால் வேலை பாதியில் நின்றிருக்கும்!

எனக்கும் இதுதான் நடந்தது. ஓர் இரும்புத் தகட்டில் வெப்பம் பரவுவதைக் கணக்கிடும் புரோகிராம் அது. ஒன்பது மணி நேரம் ஓட வேண்டும். வைவாவுக்கு இரண்டே நாள். "சர்வர் நிக்கவே இல்லையே அண்ணே, என் புரோகிராம் மட்டும் எப்படிப் போச்சு?" என்று சீனியர் ஒருவரிடம் கேட்டேன். "நீ போனதும் லினக்ஸ் அதையும் அனுப்பி வச்சிருச்சு தம்பி" என்று சிரித்தார். அவர் சொல்லிக்கொடுத்ததே இக்கட்டுரை.

ஏன் நிற்கிறது?

தொலைபேசிக் கம்பியும் மோடமும் வைத்து யூனிக்ஸ் கணினியோடு பேசிய காலத்து வழக்கம் இது. எதிர்முனையில் இருப்பவர் போனை வைத்துவிட்டால் அவருடைய புரோகிராம்கள் வீணாக ஓடக் கூடாதல்லவா? அதற்காக வந்ததே 'ஹேங்-அப்' என்னும் 1-ஆம் எண் சிக்னல். இணைப்பு அறுந்தது தெரிந்ததும் கெர்னல் இதை ஷெல்லுக்கு அனுப்பும். ஷெல் தான் தொடங்கிய வேலைகளுக்கு அனுப்பும். மாற்று ஏற்பாடு இல்லாத புரோகிராம் அத்தோடு முடிந்துவிடும்.

வழி 1: நோஹப்

கட்டளைக்கு முன்னால் 'நோஹப்' என்று சேர்த்தால் புரோகிராம் அந்தச் சிக்னலைக் காதில் வாங்காது. திரையில் வரவேண்டிய விடைகள் ஒரு ஃபைலில் சேரும். ஆனால் திரும்பி வந்து அந்தப் புரோகிராமோடு பேச முடியாது.

வழி 2: ஸ்கிரீன், டீமக்ஸ்

ஸ்கிரீன் 1987-லும், டீமக்ஸ் 2007-லும் வெளிவந்தவை. இவை சர்வரிலேயே ஒரு டெர்மினலை உருவாக்கி வைத்துக்கொள்ளும். நாம் அதைப் பார்ப்பவர் மட்டுமே. டீமக்ஸில் கண்ட்ரோலும் 'பி'யும் சேர்த்து அழுத்திவிட்டு, 'டி' அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். மறுநாள் 'டீமக்ஸ் அட்டாச்' கொடுத்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். இடையில் நெட் போனாலும் கவலையில்லை.

வழி 3: முழு டெஸ்க்டாப்

படம், மெனு எல்லாம் உள்ள புரோகிராம் என்றால்? எஸ்.எஸ்.எச். வழியாக அதன் ஜன்னலை மட்டும் நம் கணினிக்கு வரவழைத்தால், இணைப்பு போனதும் அதுவும் போய்விடும். அதற்குப் பதில் வி.என்.சி. பயன்படுத்தலாம். கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடம் ஒன்றில் உருவாகி 1998-ல் வெளிவந்தது இது. சர்வரில் மானிட்டரே இல்லாமல் ஒரு கற்பனை டெஸ்க்டாப்பை நடத்தும். நம் பக்கத்து ஜன்னலை மூடினாலும் அது அங்கே இருக்கும். எக்ஸ்.ஆர்.டி.பி.யும் வழக்கமாக இப்படித்தான்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஜன்னலை மூடுவது வேறு, மெனுவில் 'லாக்-அவுட்' கொடுப்பது வேறு! முன்னது அறையைப் பூட்டிவிட்டு வெளியே போவது. பின்னது அறையையே காலி செய்வது. லாக்-அவுட் கொடுத்தால் டெஸ்க்டாப்பும் அதில் திறந்தவையும் போய்விடும். இன்னொன்று: பழைய முறை வி.என்.சி. இணைப்பில் ரகசியக் காப்பு கிடையாது. எஸ்.எஸ்.எச். சுரங்கம் வழியாகவே இணையுங்கள்.

அதன் பிறகும் நின்றால்?

2016-ல் வந்த சிஸ்டம்டி 230-ஆம் பதிப்பில், பயனர் லாக்-அவுட் ஆனதும் அவருடைய புரோகிராம்கள் எல்லாவற்றையும் முடித்துவிடும் அமைப்பு இயல்பாக்கப்பட்டது. டீமக்ஸும் தப்பாது. பல லினக்ஸ் வகைகள் இதை அணைத்தே தருகின்றன. அணைக்காத சர்வரில் 'லிங்கர்' அனுமதியை அட்மினிடம் கேட்டு வாங்கி, டீமக்ஸை 'சிஸ்டம்டி-ரன்' மூலம் யூசர் ஸ்கோப்பில் தொடங்க வேண்டும். வெறும் அனுமதி போதாது.

கடைசியாக இரண்டு வார்த்தை. சர்வருக்கே கரண்ட் போனால் இந்த வித்தை எதுவும் பலிக்காது. அரை மணிக்கு ஒருமுறை இடைவிடைகளை ஃபைலில் எழுதும்படி புரோகிராமை அமையுங்கள். வேலை முடிந்ததும் செஷனை மூடுங்கள். நாம் மறந்துவிட்டுப் போன டெஸ்க்டாப் தின்னும் மெமரி, அடுத்த மாணவனுக்கு உரியது.

அன்றிரவே டீமக்ஸில் மறுபடி ஓட விட்டேன். நடுவில் நெட் இரண்டு முறை போனது. நான் நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் விடை காத்திருந்தது!