மலைநாட்டு ஏரிகளில் தோணிச் செலவு

செலவு என்னுஞ் சொல் பழந்தமிழிற் பயணத்தையும், இக்கால வழக்கிற் பொருள் கழிதலையும் குறிக்கும். மலைநாட்டு ஏரிகளிலே தோணி செலுத்தக் கருதுவார்க்கு இரண்டும் உண்டு. ஆயினும் அவர் முதற்கண் எண்ணிச் செலவிட வேண்டுவது பணமன்று, நாளேயாம். இதனைக் கனடா நாட்டுப் பிரிட்டிஷ் கொலம்பியாவிலுள்ள போரன் ஏரிச் சுற்றின்கண் வைத்து ஆராய்வோம்.

காரிபூ மலைகளினிடையே ஏரிகளும் ஆறுகளும் ஏறத்தாழ நாற்கோணமாகத் தொடர்ந்து, புறப்பட்ட இடத்திற்கே மீட்டுங் கொணர்ந்து விடுதல் அந்நிலத்தின் வியப்பு. சுற்று முழுதும் 116 கிலோமீட்டர். 1961ஆம் ஆண்டு முதல் அது மாகாணப் பூங்காவாகக் காக்கப்பட்டு வருகின்றது. சுற்றி வருவோர் பெரும்பாலும் ஆறு முதற் பத்து நாள் கொள்வர். நீர் தொடராத இடங்களில் தோணியையும் மூட்டைகளையும் நிலத்தின்மேற் கொண்டு சென்று அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். அவ்விடங்களை ஈண்டுச் சுமைவழி என்போம்.

சுமைவழியை மறந்து திட்டம் வகுப்போர் முதல் நாளே சோர்வர். புறப்படும் இடத்திலிருந்து கிப்பி ஏரிக்கு 2.4 கிலோமீட்டர், அங்கிருந்து இந்தியன்பாயிண்ட் ஏரிக்கு 2, அதன் பின் ஐசக் ஏரிக்கு 1.6. உணவு மூட்டை சிறிதுங் குறையாத தொடக்கத்திலேயே ஆறு கிலோமீட்டர் நிலவழி வந்து நேர்கின்றது. தோணியைச் சிறு சக்கரவண்டியில் ஏற்றி இழுக்கலாம். ஆனால், வழி குழிபடாமற் காத்தற்பொருட்டு, அத்தோணியுள் 60 பவுண்டுக்கு மேற் பொருள் வைத்தலாகாதென்பது பூங்காவின் விதி. எஞ்சிய யாவும் முதுகின்மேலன. இரும்புச் சட்டியைப் பிரியேன் என்னும் நண்பரை வீட்டிலேயே விட்டுச் செல்லுதல் நன்று.

ஐசக் ஏரியே திட்டத்தின் உரைகல். அதன் நீளம் 38 கிலோமீட்டர். மணிக்கு நான்கு கிலோமீட்டர் செல்லினும் ஒன்பது மணி நேரத்திற்கு மேலாகும். ஆதலின் இரண்டு நாளாகப் பகுத்தலே தக்கது. இருமருங்கும் மலை நெருங்கி நிற்றலின் காற்று நீளவாட்டிற் பாய்ந்து அலையெழுப்பும். பிற்பகலில் அது மிகும். நீரோ கோடையிலுங் குளிர்ந்தது. குளிர்நீரில் வீழ்ந்தார்க்கு மூச்சை வயப்படுத்த ஒரு நிமிடம், கைகால் பயன்படும் நிலையிற் பத்து நிமிடம், நினைவு தப்புமுன் ஒரு மணி நேரம் என மானிட்டோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் எளிதாக நினைவிற் கொள்ளுமாறு வகுத்துரைத்துள்ளார். அப்பத்து நிமிடத்துள் நடு ஏரியிலிருந்து கரை சேர்தல் நீச்சல் வல்லார்க்கும் அரிது. ஆகவே விடியலிற் புறப்படுதல், கரையை ஒட்டிச் செல்லுதல், மிதவைச் சட்டையைத் தோணியில் மடித்து வையாது உடலில் அணிதல் ஆகிய மூன்றும் விருப்பத்திற்கு விடத்தக்கனவல்ல.

காற்று ஓயாத நாளில் யாது செய்வது? கரையிலிருப்பதே. அதற்கு உணவு வேண்டும். எட்டு நாட் பயணத்திற்குப் பத்து நாளுணவு கொள்க என்பது எம் கருத்து. உலர்ந்த உணவாயின் ஆளொன்றுக்கு இரண்டு நாளைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ மிகும். அச்சுமையை அஞ்சி விடுத்தவர், மீளும் நாள் நெருங்க, அலையைக் கண்டுந் தோணியை இறக்குவர். பிரியக் கருதிய தலைவன் புறப்படாது சிலபொழுது தங்குதலை அகப்பொருள் நூலார் செலவழுங்கல் என்பர். அது பயணத்தைக் கைவிடுதலாகாதெனத் தொல்காப்பியர் தெளிவுறுத்துவர். தோணிக்காரர்க்கும் இத்துறை வேண்டுவதே.

ஐசக் ஏரியினின்று வெளிப்படும் ஆறு விரைந்து பாய்வது. பழக்கமில்லாதார் ஆங்குச் சுமைவழியே செல்க. காரிபூ ஆறு பனிமலை வண்டலாற் கலங்கியிருத்தலின் நீருள் மறைந்த மரங்கள் தோன்றா. உன்னா ஏரிக்கு அப்பால் அவ்வாற்றிற் செல்லவே கூடாது. கீழே 24 மீட்டர் அருவி உளது. அதனைக் காண விரும்புவோர்க்கு ஏரிக்கரையினின்று நடைவழி உண்டு. மேற்குப் புறத்து ஏரிகள் எளியன. கரடிக்கு எட்டாதபடி இரவில் உணவைச் சேமிப்பிடத்தில் வைத்தால் அங்குப் பேரிடர் இல்லை.

மே நடுப்பகுதி முதற் செப்டம்பர் முடியச் சுற்று திறந்திருக்கும். ஜூனிற் பகல் நீண்டதாயினும் கொசு மிகுதி. செப்டம்பரிற் கொசு குறையும், இரவு குளிரும். எம்மைக் கேட்பின், கம்பளி ஒன்று மிகுதியாகக் கொண்டு செப்டம்பர் முதல் வாரத்திற் புறப்படுக என்போம்.