கணிப்பொறி விசிறி: உணவும் ஆணையும்

வெப்பம் கணிப்பொறியோடு உடன்பிறந்த பகை. பெட்டிக்குள் செலவாகும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே முடிகிறது. அதனை வெளியே தள்ளுவது விசிறியின் தொழில். கழிக்கரைப் புழுக்கம் மிகுந்த வாஷியில், மே மாதத்தில் அறையே 34 டிகிரியாக இருந்தால், எத்தனை விசிறி சுழன்றாலும் பெட்டி அதற்குக் கீழே குளிராது. விசிறி காற்றை மாற்றுமேயன்றிக் குளிரை உண்டாக்காது.

லாமிங்டன் சாலையில் உறுப்புகளை வாங்கி, விடுதி அறையில் தாமே கணிப்பொறி பூட்டும் மாணவர் நம்மில் உண்டு. அவர்கள் முதலில் அறியவேண்டுவது ஒன்று: விசிறிக்கு உணவு வேறு, ஆணை வேறு. மின்சாரம் உணவு, வேகத்தைச் சொல்லும் குறிப்பு ஆணை.

மூன்று கம்பி விசிறியில் ஒன்று தரைக்கம்பி. ஒன்று 12 வோல்ட். மூன்றாவது வேகத்தை மதர்போர்டுக்கு அறிவிப்பது. பொதுவாக ஒரு சுற்றுக்கு 2 துடிப்பு வரும். நொடிக்கு 40 துடிப்பு என்றால் 20 சுற்று, நிமிடத்துக்கு 1200. இவ்விசிறிக்கு ஆணைக் கம்பி இல்லை. ஆதலால் வோல்டைக் குறைத்தே வேகத்தைக் குறைக்கவேண்டும். அளவுக்கு மீறிக் குறைத்தால் விசிறி தொடங்காமலே நின்றுவிடும்.

நான்கு கம்பி விசிறியில் 12 வோல்ட் மாறாது. நான்காம் கம்பியில் நொடிக்குச் சுமார் 25,000 துடிப்புகள் செல்லும். ஒவ்வொரு துடிப்பும் உயர்ந்து நிற்கும் நேரம் மிகுந்தால் வேகம் மிகும், குறைந்தால் குறையும். இதுவே பி.டபிள்யூ.எம். முறை. இன்டெல் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட வரையறையும் இம்முறையையே கூறுகிறது.

மூன்று கம்பி விசிறி நான்கு முள் இணைப்பிலும் பொருந்தும். ஆனால் பயாஸில் அவ்விணைப்பை டி.சி. முறைக்கு மாற்றவேண்டும். மாற்றாவிடில் ஆணை சென்று சேராது. விசிறி முழு வேகத்தில் இரைந்துகொண்டே இருக்கும்.

இனி ஆபத்தான இடத்துக்கு வருவோம். ஓர் இணைப்பு தாங்கும் மின்னோட்டம் பெரும்பாலும் 1 ஆம்பியர். 0.3 ஆம்பியர் விசிறிகள் ஆறினைக் கிளைக்கம்பியால் அதிலேயே மாட்டினால் 1.8 ஆம்பியர் ஆகும். சில ரூபாய்க் கம்பியை நம்பி விலையுயர்ந்த மதர்போர்டைப் பலியிடலாமா? விசிறியின் முதுகிலுள்ள சீட்டில் ஆம்பியர் அளவு அச்சிட்டிருக்கும். அதைக் கூட்டிப் பாருங்கள். அளவு மிகுமாயின் ஹப் ஒன்றை வாங்குங்கள். உணவு பவர் சப்ளையிலிருந்து வரட்டும். ஆணை மட்டும் மதர்போர்டிலிருந்து வரட்டும். ஹப் பெரும்பாலும் ஒரு விசிறியின் வேகத்தையே அறிவிக்கும். மற்றவை நின்றாலும் திரை சொல்லாது, கண்ணால்தான் பார்க்கவேண்டும்.

முன்புறம் காற்று உள்ளே வரவும், பின்புறமும் மேற்புறமும் வெளியே போகவும் விசிறிகளைப் பொருத்துங்கள். பொதுவாகச் சட்டக் கைகள் தெரியும் பக்கமே காற்று வெளியேறும் பக்கம். பிறகு பயாஸில் வெப்பத்துக்கேற்ற வேகத்தைக் குறியுங்கள். சனவரியில் வகுத்த அளவு மே மாதத்துக்குப் பொருந்தாது. அறை வெப்பம் ஏறினால் பெட்டியின் வெப்பமும் ஏறும்.

விசிறி இரைந்தாலும் நின்றாலும் புதியது வாங்க ஓடவேண்டா. உணவு வருகிறதா, ஆணை வருகிறதா என்று தனித்தனியே ஆராயுங்கள். குறை எந்தப் பக்கம் என்பது புலப்பட்டுவிடும்.