மான் ஈயைக் கண்ணால் அடையாளம் காணாதே



அந்தமானின் குட்வில் எஸ்டேட்டிலிருந்து நீ அனுப்பிய படமும் கேள்வியும் கிடைத்தன. பிடித்தபோது பச்சையும் பொன்னுமாக மின்னிய கண், தீப்பெட்டியில் இரண்டு நாள் கிடந்ததும் கறுத்துவிட்டது, அப்படியானால் இது வேறு ஈயா என்கிறாய். அதே ஈதான். அந்த நிறம் சாயமல்ல. கண்ணின் மேல்தோலில் அடுக்கடுக்காக உள்ள மெல்லிய படலங்களில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. ஈ காய்ந்தால் படலம் சுருங்கும், நிறமும் போகும். மூடியுள்ள டப்பாவில் ஈரப் பஞ்சோடு ஓர் இரவு வைத்துப் பார், ஓரளவு திரும்பிவரும்.

ஆகவே கண்ணை விடு, இறக்கையைப் பார். இறக்கையின் நடுவே முன்விளிம்பிலிருந்து குறுக்காக ஓடும் கரும்பட்டை எத்தனை வருடமானாலும் அழியாது. பட்டையும் நீண்ட உணர்கொம்பும் சேர்ந்திருந்தால் அது கிரைசாப்ஸ், அதாவது மான் ஈ. பெரிய மாட்டு ஈயான டபானஸுக்கு உணர்கொம்பு குட்டை, இறக்கை பெரும்பாலும் தெளிவு. இன்னொரு கடி ஈயான ஹீமடோபோட்டாவின் சாம்பல் இறக்கையில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருக்கும். உட்காரும்போது அதைக் கூரைபோல் மடித்துக்கொள்ளும். மான் ஈ பாதி விரித்தே வைத்திருக்கும்.

இந்தியாவில் பரவலாக உள்ள இனம் கிரைசாப்ஸ் டிஸ்பார். 1798இல் ஃபாப்ரீசியஸ் விவரித்தது. மஞ்சள் வயிற்றில் நீளவாட்டில் கருங்கோடுகள் ஓடும். உன் படத்தில் வயிறு தெரியவே இல்லை. தலையை மட்டும் எடுத்து அனுப்பிவிட்டு இனப்பெயர் கேட்டால் எப்படிச் சொல்வது?

ஆங்கிலேயர் கொண்டுவந்த புள்ளிமானோடுதான் இந்த ஈயும் அந்தமானுக்கு வந்தது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். இந்தப் பேச்சு எனக்கு எரிச்சலூட்டுகிறது. மான் ஈயின் புழு மானின் மேல் வளர்வதில்லை. நீரோரச் செடியில் இட்ட முட்டையிலிருந்து விழுந்து சேற்றில் வளர்கிறது. கடிப்பது பெண் ஈ மட்டுமே. மாடு, எருமை, மனிதன் என்று எது அகப்பட்டாலும் விடாது. தோலைக் கத்திபோல் கிழித்து, வழியும் ரத்தத்தை நக்கும். வலி தாங்காமல் மாடு உதறினால் பாதியில் எழுந்து பக்கத்து மாட்டுக்குப் போகும். ஈக்கள் கால்நடைகளைத் தாக்கும் சர்ரா நோயைப் பரப்புவது இப்படித்தான். அதன் கிருமியை 1880இல் தேரா இஸ்மாயில் கானில் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவன்ஸ் கண்டறிந்த வரலாற்றைத் தேடிப் படி. கால்நடை மருத்துவம் படிப்பவர்கள்கூட அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அடுத்த ஈயைப் பிடித்தால் நசுக்காதே. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இறக்கையை விரித்து ஒன்று எனப் படமெடு. பிடித்த இடத்தையும் தேதியையும் பென்சிலால் சீட்டில் எழுதி ஈயோடு வை. அருகில் ஓடையோ சேறோ இருந்தால் அதையும் எழுது.