கமர்ஷியல் லா ஃபர்ம் யாருக்காக வேலை செய்யுது? சம்பளம் வாங்கறவங்களுக்கு ஒரு பாடம்



"கம்பெனி லீகல் டீம்ல இருந்து ஒரு அக்ரிமென்ட் வந்திருக்கு சார். வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து போடணுமாம். போடலாமா?"

நம்ம சேனலுக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது. இதுக்கு ஒரு வரியில பதில் சொல்லிட முடியாது. அந்த அக்ரிமென்ட்டை எழுதினது யாரு, யாருக்காக எழுதினாங்கன்னு புரிஞ்சாதான் அதைச் சரியா படிக்க முடியும். அதனால இன்னைக்கு ஒரு கமர்ஷியல் லா ஃபர்ம் பல தொழில்களுக்கு எப்படி வேலை செய்யுது, அது உங்க சம்பளத்தை எங்க வந்து தொடுதுன்னு பார்க்கலாம்.

முதல்ல, லா ஃபர்ம்னா என்ன?

வக்கீல்னாலே கறுப்பு கோட்டு, கோர்ட்டுதான் ஞாபகம் வரும். ஆனா கமர்ஷியல் லா ஃபர்ம்ல பாதிக்கு மேல வேலை கோர்ட்டுக்கு வெளியேதான். ஒப்பந்தம் எழுதறது, எதிர்த்தரப்பு எழுதினதைத் திருத்தறது, ஒரு கம்பெனியை வாங்கறதுக்கு முன்னாடி அதோட பேப்பர் எல்லாத்தையும் அலசறது, நோட்டீஸுக்குப் பதில் போடறது. தகராறு முத்தினா அப்புறம்தான் ஆர்பிட்ரேஷன், கமர்ஷியல் கோர்ட், என்.சி.எல்.டி. எல்லாம்.

கூடவே மூணு விஷயம் தெரிஞ்சுக்கோங்க.

1. பார் கவுன்சில் விதிப்படி வக்கீல்கள் விளம்பரம் பண்ணக் கூடாது. எங்க சி.ஏ. தொழில்லயும் விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. அதனாலதான் பெரிய ஃபர்ம்களோட பேரே நிறைய பேருக்குத் தெரியாது.
2. "கேஸ் ஜெயிச்சா 20% குடுங்க" மாதிரி ஃபீஸ் பேச இந்தியாவில வக்கீலுக்கு அனுமதி இல்லை. மணிக்கணக்கு, வேலைக்கு இவ்வளவு, இல்லன்னா மாசாமாசம் ரிடெய்னர், இந்த மூணுல ஒண்ணுதான் வழக்கம்.
3. வக்கீலோட கடமை கிளையன்ட்டுக்கு. கம்பெனி ஃபீஸ் கட்டினா கிளையன்ட் கம்பெனிதான், அங்க வேலை செய்யற நீங்க இல்லை. இதை அடிக்கோடு போட்டு வச்சுக்கோங்க.

ஒரே ரோடு, அஞ்சு தொழில்

மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப்புல நின்னு பாருங்க. ஒரு பக்கம் பாடி, அங்க லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா மாதிரி பெரிய ஆலைகள். இன்னொரு பக்கம் 1960கள்ல ஆரம்பிச்ச அம்பத்தூர் தொழிற்பேட்டை. லேத் பட்டறையில இருந்து ஐ.டி. பார்க் வரைக்கும் எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. இந்த ஒரு ரோட்டுல இருக்கிற கிளையன்ட்களை வச்சே ஒரு லா ஃபர்ம் எத்தனை விதமான வேலை பார்க்கும்னு புரிஞ்சுக்கலாம்.

- ஆட்டோ பார்ட்ஸ் யூனிட்: பார்ட்ஸ்ல குறை இருந்து வண்டிகளைத் திரும்ப வாங்க வேண்டி வந்தா செலவு யாரோடது? கார் கம்பெனி காசு போட்டு செஞ்ச டை, யூனிட் மூடினா யாருக்குச் சொந்தம்?
- ஐ.டி., பி.பி.ஓ.: வெளிநாட்டு கிளையன்ட்டோட டேட்டா கசிஞ்சா அதிகபட்சம் எவ்வளவு நஷ்டஈடு? எழுதின கோடு யாரோடது?
- கார்மென்ட் எக்ஸ்போர்ட்: துணி தைச்சு முடிச்ச பிறகு பையர் ஆர்டரை ரத்து பண்ணினா? வழக்கு சென்னையிலயா, லண்டன்லயா?
- உணவுப் பொருள் கம்பெனி: பிராண்ட் பேரை வேற ஒருத்தர் போட்டு வித்தா? லேபிள்ல தப்பு இருந்தா யார் பொறுப்பு?
- கோடவுன், லாஜிஸ்டிக்ஸ்: அஞ்சு வருஷ லீஸ்ல ரெண்டாவது வருஷமே காலி பண்ணினா மிச்ச வாடகை கட்டணுமா?

தொழில் மாறுது, சட்டத்தோட பேர் மாறுது. ஆனா எல்லாத்தையும் பிழிஞ்சு எடுத்தா மூணே கேள்விதான் மிஞ்சும்:

நஷ்டம் வந்தா யார் தலையில விழும்? அதிகபட்சம் எவ்வளவு? எத்தனை நாளுக்குள்ள?

நஷ்டம் வர்றதுக்கு முன்னாடியே இந்த மூணுக்கும் தன் கிளையன்ட்டுக்குச் சாதகமா பதில் எழுதி வைக்கிறதுதான் கமர்ஷியல் லாயரோட தொழில்.

நாள் கணக்கு எப்படிப் பணம் ஆகுது? ஒரு சின்ன கணக்கு

எஸ்டேட்ல ஒரு சிறு யூனிட், ஒரு பெரிய கம்பெனிக்கு ரூ.10 லட்சத்துக்கு சரக்கு குடுத்திருக்குன்னு வச்சுக்கோங்க. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம் 2006 என்ன சொல்லுதுன்னா, குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாள்ல பணம் குடுத்தாகணும். ஒப்பந்தத்துல நாளே குறிப்பிடலைன்னா 15 நாள்தான். தவறினா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி.

பேங்க் ரேட் 6%னு எடுத்துக்கிட்டா வட்டி 18%, அதாவது மாசம் 1.5%. ஆறு மாசம் தாமதமானா ரூ.10 லட்சத்துக்கு வட்டி மட்டும் சுமார் ரூ.93,400. போதாததுக்கு, 2023-24 நிதியாண்டுல இருந்து, கெடு தாண்டி நிலுவையில இருக்கிற இந்தத் தொகையை வாங்கின கம்பெனி அந்த வருஷச் செலவா காட்டி வரி குறைக்க முடியாது. எந்த வருஷம் குடுக்கிறாங்களோ அந்த வருஷம்தான் கழிக்கலாம்.

வக்கீல் எழுதற ஒரு பக்க நோட்டீஸ், நாங்க போடற வரிக் கணக்கு, ரெண்டும் சேர்ந்தா அந்தச் சின்ன யூனிட்டுக்குப் பணம் நகரும். அங்க வேலை செய்யறவங்களுக்கு 7ஆம் தேதி சம்பளம் வருமா, 20ஆம் தேதி வருமாங்கிறது பல நேரம் இதைப் பொறுத்துதான்.

நோக்கியா: சட்டத் தகராறு, ஆனா போனது வேலை

இப்ப பெரிய அளவுல ஒரு நிஜக் கதை. பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை. 2006ல உற்பத்தி ஆரம்பிச்சு, உச்சத்துல ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு வேலை குடுத்த இடம்.

2013ல வருமான வரித் துறை ஒரு கேள்வி கேட்டது. போன்ல போடற மென்பொருளுக்காக ஃபின்லாந்து தாய் நிறுவனத்துக்கு அனுப்பின பணத்துல ஏன் டி.டி.எஸ். பிடிக்கலை? கேட்ட தொகை சுமார் ரூ.2,000 கோடி. ஆலை உட்பட சொத்துகள் முடக்கப்பட்டது. அதே வருஷம் செப்டம்பர்ல நோக்கியா தன்னோட போன் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விக்கறதா அறிவிச்சது.

வாங்கறவங்க பக்கத்து வக்கீல் என்ன பார்ப்பாரு? அதே மூணு கேள்விதான். இந்த வரி பாக்கி யார் தலையில விழும்? எவ்வளவு? எப்ப முடியும்? கோர்ட்டுகள்ல மாசக்கணக்கா வாதம் நடந்தும் ஆலையை விடுவிக்கிற நிபந்தனைகள் ஒத்து வரலை. 2014 ஏப்ரல்ல டீல் முடிஞ்சப்போ போன் தொழில் மைக்ரோசாஃப்ட்டுக்குப் போச்சு, சென்னை ஆலை வெளியில நின்னுது. கொஞ்ச நாள் மைக்ரோசாஃப்ட்டுக்காக ஒப்பந்த முறையில போன் செஞ்சாங்க. அந்த ஆர்டரும் நின்னதும் 2014 நவம்பர் 1ல உற்பத்தி நின்னுபோச்சு. நிறைய பேர் வி.ஆர்.எஸ். வாங்கிட்டு வீட்டுக்குப் போனாங்க.

வரித் தகராறு 2018லதான் இந்தியா, ஃபின்லாந்து ரெண்டு நாட்டுக்கும் நடுவுல பேசித் தீர்ந்தது. 2021 மார்ச்ல, வேற கம்பெனிகளோட வழக்குகள்ல, வெளிநாட்டு மென்பொருளை வாங்கிப் பயன்படுத்தவோ விக்கவோ குடுக்கிற பணம் ராயல்டி ஆகாது, அதுக்கு டி.டி.எஸ். வேண்டாம்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. அது நோக்கியா வழக்கு இல்லை, ஆனா கேள்வி ஏறக்குறைய அதே ரகம்.

யார் சரி, யார் தப்புன்னு தீர்ப்பு சொல்றது நம்ம வேலை இல்லை. நாம பார்க்க வேண்டியது கால அளவை. சட்டத்துக்குப் பதில் கிடைக்க அஞ்சு, எட்டு வருஷம் ஆச்சு. ஈ.எம்.ஐ.க்கு அடுத்த மாசம் 5ஆம் தேதியே பதில் சொல்லணும். கம்பெனி விக்கப்படும்போது எந்த யூனிட் போகும், எது நிக்கும்னு முடிவு பண்ற மேஜையில ஊழியருக்கு நாற்காலி கிடையாது. ஆறு மாச எமர்ஜென்ஸி ஃபண்ட் வைங்கன்னு நான் ஒவ்வொரு வீடியோவிலயும் சொல்றதுக்குப் பின்னாடி இந்த மாதிரி கதைகள்தான் இருக்கு.

உங்க ஆஃபர் லெட்டரை வக்கீல் மாதிரி படிங்க

ஆஃபர் லெட்டரும் ஒரு கமர்ஷியல் ஒப்பந்தம்தான். அதே மூணு கேள்வியை இங்கயும் போடுங்க.

பாண்டு: "3 வருஷத்துக்குள்ள போனா ரூ.2 லட்சம் கட்டணும்." இந்த மாதிரி பாண்டு எல்லாம் செல்லாதுன்னு யாராவது சொன்னா அப்படியே நம்பாதீங்க. 2025 மே மாசம், விஜயா வங்கி வழக்குல சரியா இந்த மாதிரி ஒரு நிபந்தனை செல்லும்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. பொதுத்துறை வங்கி புதுசா ஆள் எடுக்கிற செலவு, சிரமம் எல்லாம் அங்க கணக்குல எடுத்துக்கப்பட்டது. அதுக்காக எழுதின தொகை முழுசா எல்லாருக்கும் பொருந்தும்னும் இல்லை. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74 படி எழுதின தொகை ஒரு உச்சவரம்பு, அதுக்குள்ள நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். ட்ரெய்னிங்னு பேர் மட்டும் போட்ட பாண்டுக்கும், கம்பெனி நிஜமா செலவு பண்ணின பாண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

போட்டிக் கம்பெனியில சேரக் கூடாதுங்கிற நிபந்தனை: வேலையில இருக்கும்போது இது பொதுவா செல்லும். வேலையை விட்ட பிறகும் தடுக்கிறது ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27 முன்னாடி பொதுவா நிக்காது. ஆனா ரகசியத் தகவலை எடுத்துட்டுப் போகக் கூடாதுங்கிறது வேற விஷயம், அது நிக்கும். லேப்டாப்ல இருந்து ஃபைலை சொந்த மெயிலுக்கு அனுப்பாதீங்க.

நோட்டீஸ் பீரியட்: ரெண்டு பக்கமும் ஒரே நாளா? நீங்க போனா 90 நாள், அவங்க அனுப்பினா 30 நாள்னு இருக்கான்னு பாருங்க. நாளுக்குப் பதில் பணம் கட்டலாம்னு இருந்தா, பேஸிக் சம்பளத்துலயா, மொத்தச் சம்பளத்துலயா?

கண்டுபிடிப்பு, கோடு: வேலை நேரத்துல, வேலைக்காக எழுதினது பொதுவா கம்பெனிக்குத்தான். ஆனா "வேலைக் காலத்துல செய்யற எல்லாமே"ன்னு எழுதியிருந்தா, ராத்திரி நீங்க பண்ற சொந்த ப்ராஜெக்டும் உள்ள மாட்டும். சேர்றதுக்கு முன்னாடியே எழுத்துல விலக்கு கேளுங்க.

கம்பெனி மூழ்கினா?

அம்பத்தூர்ல டன்லப் ஆலை இயங்கறது நின்னு பல வருஷம் ஆச்சு. பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் இன்னும் அந்தப் பேர் ஒட்டிக்கிட்டு இருக்கு. பேர் பெத்த கம்பெனிக்கும் அந்த நிலைமை வரும்.

2016 திவால் சட்டப்படி கம்பெனி கலைக்கப்பட்டா பணம் பிரிக்க ஒரு வரிசை உண்டு. நடைமுறைச் செலவு முதல்ல. அடுத்து தொழிலாளர்களோட 24 மாச பாக்கியும், பிணை வச்சு கடன் குடுத்தவங்களும் ஒரே படியில. அதுக்கடுத்து மேனேஜர் மாதிரியான மத்த ஊழியர்களோட 12 மாச பாக்கி. பி.எஃப்., கிராஜுவிட்டி ஃபண்ட்ல ஊழியருக்குச் சேர வேண்டிய பணம் இந்த வரிசைக்கே வராது, அது தனி.

ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல்ல பறக்கறதை நிறுத்தினது. ஊழியரோட பி.எஃப்., கிராஜுவிட்டி பாக்கியை, கம்பெனியை எடுக்க வந்தவங்க குடுக்கணும்னு 2022ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது, 2023 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதுல தலையிடலை. ஆனா அந்தத் திட்டமே நிறைவேறாம, 2024 நவம்பர்ல கம்பெனியைக் கலைக்கச் சொல்லிட்டாங்க. பேப்பர்ல ஜெயிக்கறதும், அக்கவுன்ட்ல கிரெடிட் ஆகறதும் ரெண்டு வேற வேற தேதி.

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. ஆஃபர் லெட்டர், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், பாண்டு மூணையும் சொந்த மெயில்லயோ ஃபைல்லயோ ஒரு காப்பி வைங்க. அது உங்க ஆவணம்தான்.
2. பி.எஃப். பாஸ்புக் பாருங்க. போன மாசப் பணம் இந்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள கட்டியிருக்கணும். ரெண்டு மாசம் தொடர்ந்து காணோம்னா அது எச்சரிக்கை மணி.
3. சம்பளம் தள்ளிப்போனா ஹெச்.ஆர்.கிட்ட வாயால கேக்கறதோட நிறுத்தாம மெயில்லயும் கேளுங்க. தேதி போட்ட எழுத்துக்குத்தான் மதிப்பு.
4. புரியாத அக்ரிமென்ட்டுக்கு "படிக்க ஒரு வாரம் வேணும்"னு கேளுங்க. கம்பெனி தன் வக்கீலுக்குக் குடுத்த நேரத்துல கொஞ்சம் உங்களுக்கும் குடுக்கறதுல தப்பில்லை.
5. பெரிய தொகை மாட்டியிருந்தா ஒரு வக்கீலைப் பாருங்க. தனிப்பட்ட விஷயத்துக்கு வக்கீல் ஃபீஸ்ல ஜி.எஸ்.டி. கிடையாது. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் இவங்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தோட உதவி எண் 15100.

கம்பெனி ஒவ்வொரு கையெழுத்துக்கு முன்னாடியும் ஒரு வக்கீலுக்குக் காசு குடுத்து அந்த மூணு கேள்வியைக் கேக்க வைக்குது. நீங்களே கேட்டுக்கிட்டா காசு இல்லை, ஒரு மணி நேரம் போதும். இது பொதுவான பாடம்தான், உங்க கேஸுக்கான சட்ட ஆலோசனை இல்லை. ஆஃபர் லெட்டரை வரி வரியா படிக்கிறது எப்படின்னு அடுத்த வீடியோவில ஒரு மாதிரி லெட்டரை வச்சே பார்க்கலாம். உங்களோடதையும் எடுத்து வச்சுக்கிட்டு உக்காருங்க.