சாங்ஷன் கடிதம் கைப்பணம் ஆகாது

கரியாஹாட், கொல்கத்தா

அன்புள்ள பாப்பாவுக்கு,

உங்கள் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்போகும் சுற்றுச்சூழல் ஆய்வு மையத்துக்கு ஐந்தாண்டு நிதித் திட்டம் போடும் வேலை உன் தலையில் விழுந்திருப்பதாக அக்கா சொன்னாள். கணக்குப் பிரிவிலேயே நரைத்தவன் என்பதால் எழுதுகிறேன்.

இங்கிருந்து தாக்குரியாவைத் தாண்டினால் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம். அங்கிருந்துதான் தீபங்கர் சக்கரவர்த்தி 1988இல் கிராமத்துக் குழாய்க் கிணறுகளில் ஆர்செனிக் தேட ஆரம்பித்தார். 2009இல் வந்த அவர் குழுவின் இருபதாண்டு அறிக்கையில் 1,40,150 தண்ணீர் மாதிரிகள். ஏறக்குறைய பாதியில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்செனிக். விஞ்ஞானிகள் அந்தப் பாதியைப் பார்ப்பார்கள். நீ இருபதாண்டைப் பார். அரசு புராஜெக்ட் பெரும்பாலும் மூன்று வருஷம். ஒன்று முடிந்து அடுத்தது வரும்வரை டெக்னீஷியன் சம்பளமும் ஆர்கான் சிலிண்டரும் யார் கணக்கில்?

ஆகவே கருவிப் பட்டியலை ஓரமாக வை. கையில் ஒரு புராஜெக்ட்கூட இல்லாத வருஷத்திலும் நிற்காத செலவுகளை முதலில் எழுது. வாரண்டி முடிந்தபிறகு வருடாந்திரப் பராமரிப்புக்கு (ஏஎம்சி) பணம் தர எந்த நிதியளிப்பவருக்கும் மனசு வராது. லட்சக்கணக்கில் வாங்கிய கருவி பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும்.

மானியத்துக்கான சாங்ஷன் கடிதம் வந்ததும் பணம் வந்துவிட்டதாக எழுதிவிடாதே. பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் அடுத்த தவணை வராது. இளநிலை ஆய்வாளர்களின் ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அது நாலு மாதம் தாமதித்தால் அந்தப் பிள்ளைகளின் பிஜி வாடகை காத்திருக்காது. ஓவர்ஹெட்டில் மையத்துக்கு வரும் பங்கிலிருந்து சில மாத உதவித்தொகைக்கு ஒரு சுழல்நிதி ஒதுக்கு. மானியம் வந்ததும் ஈடுசெய்துகொள்ளலாம் என்று நிதிக்குழுவில் முன்கூட்டியே தீர்மானம் வாங்கிவிடு. வாய்மொழியாக ஒரு புராஜெக்ட் பணத்தை இன்னொன்றுக்குத் திருப்பினால் ஆடிட்டர் விடமாட்டார். மானியத்துக்கு வரும் வங்கி வட்டியையும் வருமானத்தில் காட்டாதே. அது அரசுக்குத் திரும்பவேண்டிய பணம்.

மார்ச்சில் இங்கே நடைபாதை முழுக்க சைத்ர சேல் என்னும் தள்ளுபடி விற்பனைக் கூட்டம். நிதியாண்டு முடிவதால் ஆபீஸ்களிலும் அதே அவசரம்தான், தள்ளுபடி மட்டும் கிடையாது! கொள்முதலை டிசம்பருக்குள் முடிக்கப் பார்.

‘இதர வருமானம்’ என்ற வரியில்தான் எனக்குப் பயம். ஜாதவ்பூரின் அப்போதைய துணைவேந்தர் சுரஞ்சன் தாஸே 2022இல் முன்னாள் மாணவர்களிடம் நிதி கேட்க வேண்டியிருந்தது. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி என்றார்கள். அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வரவேண்டியது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) பணமும் லாபத்தோடு ஏறி இறங்கும். அதை ஒருமுறைச் செலவுக்கு வாங்கிக்கொள், சம்பளத்துக்கு நம்பாதே.

வரைவில் நிரந்தரச் செலவுப் பக்கத்தை மட்டும் முதலில் அனுப்பு. மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

அன்புடன்,
மாமா