7/10 என்றால் பாஸா, ஃபெயிலா? கேம் ரிவ்யூவைப் படிப்பது எப்படி

இந்த எபிசோடில் கேம் ஸ்கோர்களைப் பற்றிப் பேச ஆரம்பிச்சு, நேரம் போதாமல் பாதியில் விட்டோம். "7/10 போட்டிருக்காங்க, வாங்கலாமா வேண்டாமா?" என்பதுதான் கேள்வி. புது கேம் ஒன்று 70, 80 யூரோ விற்கிற காலம். பதில் தெரியாமல் கார்டைத் தேய்ப்பது கொஞ்சம் கஷ்டம்தான். அதனால் மிச்சத்தை இங்கே எழுத்தில் பார்த்துடலாம்.

நம்ம வீடுகளில் மார்க் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 92 வாங்கிட்டு வந்தாலும் "மிச்சம் எட்டு எங்கே போச்சு?" என்று கேட்கிற வீடுகள். அந்தப் பழக்கத்தோடு கேம் ரிவ்யூ பக்கம் போனால் 70 என்பது கிட்டத்தட்ட அவமானமாகத் தெரியும். ஆனால் பரீட்சையில் எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள். ஒரு கால்பந்து கேம், ஒரு ஹாரர் கேம், ஒரு சமையல் கேம் மூன்றும் எழுதுவது வேற வேற பாடங்களில். அப்புறம் மூன்றையும் ஒரே ரேங்க் லிஸ்டில் ஒட்டுறாங்க. ஆகவே ஸ்கோரைப் பார்க்கும் முன் ஜானரைப் பாருங்க. அந்த எண் சொல்வது, "இந்த வகை கேமாக இது எப்படி இருக்கு, இந்த ஒருத்தருக்கு எப்படிப் பட்டது" என்பதைத்தான்.

எனக்குப் பிடிச்ச உதாரணம் ஒன்று. 2014 அக்டோபரில் ஏலியன்: ஐசொலேஷன் வந்தது. செய்தவங்க கிரியேட்டிவ் அசெம்ப்ளி. டோட்டல் வார் என்ற போர்த்தந்திர கேம்களுக்குப் பேர்போன பிரிட்டிஷ் கம்பெனி. கதை சின்னது. ஒரு விண்வெளி நிலையத்தில் மாட்டிக்கிறீங்க, கூடவே ஒரு ஏலியன். அதைக் கொல்ல முடியாது. தீ கக்குற துப்பாக்கி கிடைச்சாலும் கொஞ்ச நேரம் விரட்டத்தான் முடியும். அலமாரிக்குள்ளே, மேசைக்கு அடியிலே ஒளிஞ்சுக்கிட்டு, அது எப்போ தாண்டிப் போகும்னு காத்திருக்கணும். நினைச்ச இடத்தில் சேவ் பண்ணவும் முடியாது. அதுக்கென்று சுவரில் ஒரு மெஷின் இருக்கும், அதுவரைக்கும் உயிரோடு போய்ச் சேரணும்.

இதுக்கு ஐஜிஎன் கொடுத்தது 10-க்கு 5.9. பிசி கேமர் கொடுத்தது 100-க்கு 93. ரெண்டு பேர் ஆடினதும் ஒரே கேம்தான்!

ரெண்டு ரிவ்யூவையும் பக்கத்தில் வைத்துப் படிச்சா ஒரு விஷயம் தெரியும். கேம் என்ன செய்கிறது என்பதில் அவங்களுக்குள் பெரிய சண்டை இல்லை. இது நீளமான கேம், ஏலியன் எப்போ எங்கிருந்து வரும்னு கணிக்க முடியாது, நிறைய நேரம் ஒளிஞ்சே கழியும். இதில் ரெண்டு பேரும் ஒத்துப்போறாங்க. ஒருத்தருக்கு அது சலிப்பு, இன்னொருத்தருக்கு அதுதான் ஹாரர். சர்வைவல் ஹாரர் என்ற ஜானரே "உன் கையில் பலம் இல்லை" என்ற உணர்வின் மேல் கட்டப்பட்டது. ஆக்‌ஷன் கேமுக்கான அளவுகோலை எடுத்துவந்து இங்கே வைத்தால் குறையாகத்தான் தெரியும். என்னைக் கேட்டா 93 பக்கம்தான் நிற்பேன். ஆனாலும் பொறுமை இல்லாத ஒரு ஃப்ரெண்டுக்கு நான் அனுப்புவது அந்த 5.9 ரிவ்யூவைத்தான். அவனுக்கு எது எரிச்சல் தரும் என்பதை அது தெளிவாச் சொல்லுது. நீங்கள் ஒத்துக்கொள்ளாத ரிவ்யூவும் நல்ல ரிவ்யூவாக இருக்கலாம்.

இப்போ கொஞ்சம் கணக்கு. 59-க்கும் 93-க்கும் சராசரி எடுங்க: 76. "பரவாயில்லை, சுமாரான கேம்" என்று சொல்கிற எண். ஆனா அந்த ரெண்டு பேரில் ஒருத்தர்கூட அது சுமார்னு நினைக்கலை! ஸ்டாடிஸ்டிக்ஸ் கிளாஸில் தூங்காதவங்களுக்குத் தெரியும்: சராசரியை மட்டும் சொல்லி, எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கு என்பதைச் சொல்லாமல் விட்டால் பாதித் தகவல் காணாமல் போகும். எல்லாரும் 75, 77 கொடுத்த கேம் வேற. பாதிப் பேர் 95, பாதிப் பேர் 55 கொடுத்த கேம் வேற. ரெண்டாவது வகையில்தான் உங்க வாழ்நாள் ஃபேவரைட் ஒளிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். டெத் ஸ்ட்ராண்டிங் அப்படித்தான். 2019-ல் ஜப்பானின் ஃபாமிட்சு பத்திரிகை அதுக்கு 40-க்கு 40 கொடுத்தது (அங்கே நாலு பேர் ஆளுக்குப் பத்து மார்க் போடுவாங்க). ஐஜிஎன் கொடுத்தது 6.8. மலை மலையாக மூட்டை சுமந்து நடக்கிற கேமை "இது என்ன ஜானர்?" என்று தீர்மானிக்கவே பலர் திணறினாங்க.

ஜானருக்கு ஜானர் கேள்வி எப்படி மாறுதுன்னு பாருங்க. ஃபைட்டிங் கேம் என்றால் பட்டனை அழுத்தினதும் அடி விழுதா, கேரக்டர்களுக்குள் சமநிலை இருக்கா, ஆன்லைனில் இழுக்காமல் ஓடுதா. 2016-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 வந்தப்போ சண்டை முறையைப் பாராட்டாதவங்க குறைவு. ஆனா தனியா உட்கார்ந்து ஆட ஒரு ஆர்கேட் மோடுகூட இல்லை. அது வந்து சேர்ந்தது 2018 ஜனவரியில். போட்டிக்குப் போகிறவனுக்கு அது பொக்கிஷம், ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு ரெண்டு ரவுண்டு ஆடிட்டு மிச்ச நேரம் தனியா ஆடலாம்னு வாங்கினவனுக்கு பாதி காலியான டப்பா. ஒரே எண் ரெண்டு பேருக்கும் எப்படிப் பொருந்தும்?

வருஷா வருஷம் வருகிற விளையாட்டு கேம்களில் கேள்வி ஒன்றுதான்: போன வருஷத்தைவிட என்ன புதுசு? நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்த ஃபிஃபா 20 லெகசி எடிஷனில் அணிகளின் ஆட்களும் ஜெர்சியும் மாறியதைத் தவிரப் பெரிசா ஒன்றுமில்லை. ஐஜிஎன் 2/10 கொடுத்தது. அடுத்த வருஷம் ஃபிஃபா 21 லெகசி வந்தப்போ, அதே பழைய ரிவ்யூவைத் திரும்பப் போட்டு மறுபடியும் 2 கொடுத்தாங்க. நீ காப்பி அடிச்சா நானும் காப்பி அடிப்பேன் என்ற கணக்கு. இவ்வளவு சிக்கனமான விமர்சனத்தை நான் பார்த்ததில்லை.

ஆன்லைனை நம்பி ஓடுகிற கேம் என்றால் ரிவ்யூ வந்த தேதியைப் பாருங்க. 2013 மார்ச்சில் சிம்சிட்டிக்கு பாலிகான் முதலில் 9.5 போட்டது. கேம் கடைக்கு வந்து லட்சக்கணக்கானவங்க ஒரே நேரத்தில் நுழைஞ்சதும் சர்வர் படுத்துடுச்சு. ஸ்கோர் 8 ஆச்சு, அப்புறம் 4, சர்வர் சரியானபின் 6.5. பலர் சிரிச்சாங்க. எனக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. லோடு டெஸ்ட் பண்ணாமல் புரொடக்‌ஷனுக்குப் போன சாஃப்ட்வேரை முன்கூட்டியே ஆடிப்பார்த்தவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

எந்த மெஷினில் ஆடினாங்க என்பதும் அப்படித்தான். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077-க்கு ரிலீசுக்கு முன் விமர்சகர்கள் கைக்குப் போனது பிசி பதிப்பு மட்டும். அது நல்ல ஸ்கோர் வாங்கியது, மெட்டாக்ரிட்டிக்கில் 86. பழைய பிஎஸ்4-இல் ஆடினவங்களுக்குக் கிடைச்சதோ தடுமாறி நிற்கிற, அடிக்கடி கிராஷ் ஆகிற ஒரு வஸ்து. அந்தப் பதிப்புக்கு 57. ஒரே பேர், கிட்டத்தட்ட 30 மார்க் வித்தியாசம். வெளிவந்து ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் டிஜிட்டல் கடையிலிருந்தே தூக்கிடுச்சு.

மெட்டாக்ரிட்டிக் என்றதும் ஒரு குட்டி ரகசியம். ரகசியம்னு சொல்லக்கூடாது, அவங்களே எழுதி வச்சிருக்காங்க, யாரும் படிப்பதில்லை. அங்கே சினிமாவுக்கு 61-லிருந்தே பச்சை நிறம். கேமுக்கு 75 வேணும். அதாவது 70 வாங்கின படம் பச்சை, 70 வாங்கின கேம் மஞ்சள். கேம் ஸ்கோர்கள் பொதுவாகவே மேலே தள்ளி நிற்குதுன்னு இதைவிடப் பச்சையா யாராலும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிஞ்சு அதுக்குப் பெரிய காரணம் வடிகட்டல். ஸ்டீமில் வருஷத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேலே கேம்கள் வருது. ரிவ்யூ எழுத ஆள் கிடைப்பது அதில் கொஞ்சத்துக்குத்தான். உண்மையிலேயே 2, 3 வாங்க வேண்டியவை பரீட்சை ஹாலுக்குள்ளேயே வருவதில்லை. அதனால் 10-க்கு 5 நடுவில் இருக்க வேண்டிய அளவுகோலில் 7 வந்து நடுவில் உட்கார்ந்துடுச்சு. இன்னொன்று, எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு வெயிட் கொடுத்து அந்தச் சராசரியைப் போடறாங்க என்பதை மெட்டாக்ரிட்டிக் வெளியே சொல்வதில்லை. சூத்திரம் தெரியாத எண்ணை நான் வேலையில் ஏத்துக்க மாட்டேன், இங்கேயும் கொஞ்சம் தள்ளியே வைப்பேன்.

இதெல்லாம் வெறும் அரட்டை இல்லை, ஆட்களின் சம்பளமும் இதில் மாட்டியிருக்கு. 2010-ல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகஸ் ஞாபகம் இருக்கா? அதை உருவாக்கிய அப்சிடியனுக்கு பப்ளிஷர் பெதஸ்டா கொடுத்தது ஒரு நிலையான தொகை, ராயல்டி கிடையாது. மெட்டாக்ரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ். வந்தது 84. இதை அப்சிடியனின் கிறிஸ் அவலோன் 2012-ல் வெளியே சொன்னார். ஒரே ஒரு மார்க்! கேம் பக்ஸோடு வந்தது உண்மைதான், விமர்சகர்கள் அதைச் சொன்னதும் சரிதான். ஆனால் இன்றைக்கு ரோல்பிளேயிங் ரசிகர்கள் கொண்டாடுகிற கேம்களில் அதுவும் ஒன்று. விமர்சகர் எழுதியது வாசகனுக்கு. அதைச் சம்பளக் கணக்காக்கியது கம்பெனிகள்.

"அப்போ ரிவ்யூவர்கள் காசு வாங்கிட்டு எழுதுறாங்களா?" என்று அடிக்கடி கேட்கிறீங்க. அழுத்தம் உண்டு. 2007-ல் கேன் அண்டு லிஞ்சுக்கு 6 கொடுத்த ஜெஃப் கெர்ஸ்ட்மனை கேம்ஸ்பாட் வேலையிலிருந்து அனுப்பியது. அந்தக் கேமின் விளம்பரம் அதே தளம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. விளம்பரதாரர் அழுத்தம்தான் காரணம்னு 2012-ல் அவரே பேசினார். ஆனால் உங்களுக்குப் பிடிக்காத ஒவ்வொரு ஸ்கோருக்கும் பின்னால் சூட்கேஸ் இருக்குன்னு நினைக்காதீங்க. பெரும்பாலும் அங்கே இருப்பது வேற ரசனை, கூடவே மூணு நாளில் முடிச்சாகணும்கிற டெட்லைன்.

எண்ணே வேண்டாம்னு தூக்கிப் போட்டவங்களும் உண்டு. யூரோகேமர் 2015-ல் ஸ்கோரை நிறுத்தியது. 2023-ல் ஐந்து ஸ்டாரோடு திரும்பி வந்துடுச்சு. எண் இல்லாமல் நம்மால் இருக்க முடியலை போல.

கடைசியா நமக்கு நெருக்கமான ஒன்று. 2023 ஜூலை 31-ல் வெண்பா வந்தது. டொராண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் செய்தது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம். கிழிந்துபோன சமையல் குறிப்புப் புத்தகத்தை வைத்து இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்யணும். முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும். அதே வாரம், மூணு நாள் கழிச்சு, பால்டர்ஸ் கேட் 3. ஒரு தடவை முடிக்கவே 60, 70 மணி நேரம், நிதானமா ஆடினா நூறைத் தாண்டும். மெட்டாக்ரிட்டிக் 96. பல தளங்கள் முழுசா ஆடி முடிக்க நேரமில்லாமல் "ரிவ்யூ இன்னும் போய்க்கிட்டிருக்கு" என்று போட்டுத்தான் ஆரம்பிச்சாங்க.

வெண்பாவுக்குக் கிடைச்ச பொதுவான குறை "ரொம்பச் சின்னது". மணிக்கணக்கில் காசைப் பிரித்துப் பார்த்தால் நியாயமான குறைதான், அதை எழுதியவர் வேலையைச் சரியாவே செய்திருக்கார். ஆனால் அம்மா தமிழில் கேட்க, மகன் கவின் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற அந்த இடத்துக்கு எத்தனை மார்க் என்பதை உங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பார்க்காத விமர்சகர் எப்படிச் சொல்வார்? நீங்க சொல்லலாம். இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவல் 2024-ல் அதுக்குப் பெரிய பரிசைக் கொடுத்தது, பாஃப்டா சிறந்த அறிமுக கேம் விருதைக் கொடுத்தது. நூறு மணி நேர கேம்களும் சுத்திக்கொண்டிருந்த அதே ஆண்டில்.

இந்த வாரம் ஒரு சின்ன ஹோம்வொர்க். நீங்க முழுசா ஆடி முடிச்ச ஒரு கேமை எடுங்க. அதுக்கு வந்த ரிவ்யூக்களில் மிக அதிக ஸ்கோரும் மிகக் குறைந்த ஸ்கோரும் கொடுத்தவற்றைத் தேடுங்க. எண்ணைக் கையால் மறைச்சுட்டுப் படிங்க. எந்த வரி கேமைப் பற்றிய தகவல், எந்த வரி எழுதியவரின் ரசனை என்று ரெண்டு கலரில் கோடு போடுங்க. எந்த மெஷினில், எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் ஆடினார்னு குறிச்சுக்கோங்க. அப்புறம் எண்ணை ஊகிங்க, கையை எடுங்க. எவ்வளவு தள்ளிப் போச்சுன்னு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, சுவாரசியமான ரெண்டு மூணை அடுத்த எபிசோடில் போடறோம்.